200 மீட்டர் தூரம் தெரிய எந்த டார்ச் வாங்கலாம்?

கேள்வி: பெரிய கிடங்கு வளாகத்தில் இரவுக் காவல் வேலை பார்க்கிறேன். 200 மீட்டர் தள்ளி வேலியோரம் நிற்பது ஆளா நாயா என்று தெரிய வேண்டும். இப்போது இருக்கும் டார்ச்சில் பேட்டரி உள்ளேயே வைத்து மூடியிருக்கிறது, நடுராத்திரியில் சார்ஜ் தீர்ந்தால் விடியும்வரை ஃபோன் வெளிச்சம்தான். பேட்டரியைச் சட்டென்று மாற்றிக்கொள்கிற மாதிரி, தூரமாக அடிக்கிற டார்ச் வேண்டும். கடையில் கேட்டால் 10,000 லூமன், 20,000 லூமன் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் வேலைக்கு லூமனைப் பார்த்துப் பயனில்லை. டார்ச் மொத்தமாகக் கொட்டுகிற வெளிச்சம்தான் லூமன். அது உங்கள் காலடியில் பரவிக் கிடந்தாலும் கணக்கில் சேர்ந்துவிடும். தூரத்துக்குப் பார்க்க வேண்டியது கேண்டெலா, அதாவது கற்றையின் நடுவில் வெளிச்சம் எவ்வளவு குவிகிறது என்பது. நல்ல தயாரிப்பாக இருந்தால் பெட்டியிலேயே கேண்டெலாவும் மீட்டரும் அச்சிட்டிருப்பார்கள். மீட்டர் மட்டும் இல்லையென்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம்: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டர். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர்.

அப்படியானால் 10,000 போதுமே என்று தோன்றும். போதாது. டார்ச்சுகளை அளக்கிற எஃப்எல்1 என்ற தரத்தின்படி அந்த 200 மீட்டர் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸாக (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) குறைகிற இடம், கிட்டத்தட்ட முழுநிலா வெளிச்சம். கறுப்புச் சட்டை போட்டவர் வேலியோரம் குந்தியிருந்தால் அதில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியில் போட்ட தூரத்தில் பாதியைத்தான் நான் நம்புவேன், ஏனென்றால் பாதி தூரத்தில் வெளிச்சம் நான்கு மடங்கு, 1 லக்ஸ். ஆக, உங்கள் 200 மீட்டருக்கு 400 மீட்டர் என்று போட்டது, அதாவது குறைந்தது 40,000 கேண்டெலா வேண்டும். அதற்கு ரொம்ப மேலே எகிறினால் கற்றை பெரும்பாலும் ஊசி மாதிரி ஆகி, தூரத்து வேலி தெரியும், முன்னால் இருக்கிற பள்ளம் தெரியாது. தலையை முன்னும் பின்னும் இழுத்துக் குவிக்கிற ஜூம் டார்ச்சிலும் இதே தொல்லைதான்: குவித்தால் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம், சுற்றிலும் இருட்டு. போதாததற்கு, அந்த இழுக்கிற இடுக்கு வழியாக மழைத் தண்ணீரும் உள்ளே போகும். உள்ளே வழவழப்பான, ஆழமான ரிஃப்ளெக்டர் வைத்ததை எடுங்கள், நடந்துபோகவும் ஓரத்து வெளிச்சம் கொஞ்சம் கிடைக்கும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். நானாக இருந்தால் முதலில் இதை முடிவுசெய்துவிட்டுத்தான் டார்ச்சையே பார்ப்பேன்.

ஒரே ஒரு பேட்டரியில் ஓடுகிறதை வாங்குங்கள், 18650 அல்லது 21700. இந்த எண்களே அளவைச் சொல்லிவிடும்: 18 மில்லிமீட்டர் பருமன், 65 நீளம், மற்றது 21க்கு 70. ஏன் ஒன்று என்றால், இரண்டு லித்தியம் பேட்டரியை வரிசையாகப் போடும்போது ஒன்று பழசும் ஒன்று புதுசுமாக அமைந்துவிட்டால், பலவீனமானது முழுக்கக் காலியாகி, மற்றது அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி, அது சூடேறி ஆபத்தாகிவிடும். மூன்று பென்சில் பேட்டரியைச் சின்னப் பிளாஸ்டிக் கூண்டில் அடுக்கிப் போடுகிற டார்ச் ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு மழை ராத்திரியில் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கூண்டைத் தடவி, எது பிளஸ் என்று விரல் நுனியால் தேடி, கடைசியில் ஒன்றைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். டார்ச் எரியவில்லை, பழுதாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். ஒற்றை பேட்டரியில் இந்தக் கூத்து கிடையாது. பின்மூடியைத் திருகு, பழசைக் கவிழ், புதுசைப் போடு, அவ்வளவுதான். வாங்கியதும் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை செய்து பாருங்கள், கை பழகிவிடும்.

கடைக்காரரிடம் ஒன்று கட்டாயம் கேளுங்கள்: வேறு கம்பெனியின் சாதாரண 18650 போட்டால் இது எரியுமா? சில டார்ச்சுகளில் பேட்டரி கழற்ற வரும், ஆனால் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரே முனையில் வைத்து, அவர்கள் விற்கிற பேட்டரியை மட்டுமே ஏற்கும்படி செய்திருப்பார்கள். அது பாதி பூட்டிய டார்ச்தான். அப்புறம், பாதுகாப்புச் சுற்று (அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமலும் தீராமலும் தடுக்கிற சின்ன மின்சுற்று) உள்ள 18650 உண்மையில் 68, 70 மில்லிமீட்டர் வரை நீளும், சில குழாயில் மூடி முழுசாகத் திருகாது. பிளஸ் முனை மொட்டு மாதிரி துருத்தியிருக்கிறதா தட்டையா என்பதும் டார்ச்சுக்கு டார்ச் மாறும். அதனால் உதிரி பேட்டரியையும் அங்கேயே வாங்கி, அங்கேயே போட்டு எரியவிட்டுப் பாருங்கள்.

எத்தனை மணி நேரம் எரியும் என்று போட்டிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எண்ணுகிற கணக்கு அது, உச்ச வெளிச்சமோ பெரும்பாலும் சில நிமிடங்களில் சூட்டினால் தானாகவே இறங்கிவிடும். உதிரியைச் சாவிக்கொத்தோடு பையில் போட வேண்டாம், ஷார்ட் ஆனால் தொடையிலேயே தீ. மலிவான பிளாஸ்டிக் பேட்டரி டப்பி போதும். சார்ஜ் உள்ளதை மொட்டு மேலேயும், தீர்ந்ததை மொட்டு கீழேயும் வைப்பது என் பழக்கம்.

கேள்வி: 18650 பேட்டரியில் 9,900 மில்லியாம்பியர் மணி என்று போட்டு மலிவாகக் கிடைக்கிறதே, எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த அளவில் நல்ல பேட்டரியே 3,500 சொச்சம்தான் தாங்கும். நீண்ட நேரம் வேண்டுமென்றால் 21700 டார்ச்சாக எடுங்கள், அதில் 5,000 வரை உண்மையாகவே கிடைக்கும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல 18650 சுமார் 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம் காட்டினால் சார்ஜரில் போடாமல் வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.