வாசகர் கேள்விகள்: ட்ரென்ட் ஆற்றின் தென்கரை

சென்ற இதழில் ‘நான் நாட்டிங்காமில் வளர்ந்தவள்’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். இங்கிலாந்து என்றால் எங்களுக்கு லண்டன்தான் தெரியும். நீங்கள் வளர்ந்த ஊர் எப்படி இருக்கும்?
– ஒரு வாசகி, கடலூர்

லண்டனுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது நாட்டிங்காம். ட்ரென்ட் ஆற்றின் வடகரையில் நகரம், தென்கரையில் வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்டு என்னும் புறநகர். 1970-ல் அப்பாவுக்கு அங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்தபோது எனக்கு ஐந்து வயது.

எங்கள் தெருவில் எல்லாமே 1930-களில் கட்டிய இரட்டை வீடுகள். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. முன்பக்கம் வளைந்து துருத்திய ஜன்னல், இடுப்பளவு பிரிவெட் வேலி, பின்னால் நீளமான தோட்டம். கோடையில் சனிக்கிழமை காலை என்றால் வேலி வெட்டும் கத்தரிச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். சுற்றுலாக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத தெரு. அதில் எனக்குத் தெரியாத ஒரு செங்கல்கூடக் கிடையாது.

விடிவதற்கு முன்பே பால்காரர் பேட்டரி வண்டியில் வந்துவிடுவார். வண்டியிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் வரும், அப்புறம் பாட்டில்கள் மோதிக்கொள்ளும் சத்தம். ஒரு பைண்ட் பாட்டில், நம் கணக்கில் 568 மில்லி. வாசலில் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் எழுந்து கதவைத் திறப்பதற்குள் நீலச் சிட்டு என்ற சின்னப் பறவை வெள்ளித்தாள் மூடியைக் கொத்திக் கிழித்து, மேலே திரண்டிருக்கும் ஆடையைக் குடித்திருக்கும். அதற்காகவே அம்மா முதல் நாள் இரவே காலியான ஒரு தயிர்க் கிண்ணத்தை வெளியே வைப்பார். பால்காரர் அதை மறக்காமல் பாட்டிலின் தலையில் கவிழ்த்துவிட்டுப் போவார். கடும் குளிர் நாளில் பால் உறைந்து, மூடியைத் தலையில் சுமந்தபடி பாட்டிலுக்கு வெளியே ஒரு விரற்கடை எழுந்து நிற்கும்.

பள்ளிக்கு நடைதான். தோட்ட வேலிகளுக்கு நடுவே ஒரு சந்து போகும், அந்த ஊரில் அதை ட்விட்செல் என்பார்கள். ஏழு வயதிலிருந்தே அதில் தனியாகப் போய் வந்தேன். எதிரே வருகிறவர்கள் ‘ஏய் அப், மி டக்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ‘என்ன கண்ணு, சௌக்கியமா’ என்பது மாதிரி. பேருந்து நடத்துநரும் அப்படித்தான் கூப்பிடுவார், கடைக்காரரும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழு ஊரும் அடைத்துக் கிடக்கும். பெரிய கடைகளை ஞாயிறன்று திறக்கச் சட்டம் அனுமதித்ததே 1994-ல்தான். மழையும் சேர்ந்துகொண்டால் நான் ஜன்னல் மேடையில் உட்கார்ந்து நூலகப் புத்தகத்தை இரண்டாம் முறை படிப்பேன். இன்று நான் எழுதுகிறேன் என்றால் அதில் பாதி அந்த ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்தது.

1970-களில் அங்கே நம் சமையலுக்குச் சாமான் கிடைத்ததா? உங்கள் அம்மா எப்படிச் சமாளித்தார்?
– ஒரு வாசகி, காரைக்குடி

இதற்கு ஒரு பக்கம் முழுக்க எழுதலாம். முதலில் தயிர். அந்தக் குளிரில் சமையலறையில் உறை ஊற்றினால் மறுநாளும் பால் பாலாகவே இருக்கும். மாடியில் வெந்நீர்க் கொதிகலன் வைத்த அலமாரி ஒன்று இருந்தது. ஏரிங் கப்போர்டு என்பார்கள். துவைத்த துணியை அங்கே அடுக்கி உலர வைப்பது வழக்கம். அம்மா அதற்குள் தலையணை உறைகளுக்கு நடுவே தயிர்ப் பாத்திரத்தை வைத்தார். இட்லி மாவும் அங்கேதான் பொங்கியது. எங்கள் பள்ளிச் சீருடையில் லேசாக ஒரு புளித்த வாசனை எப்போதும் இருக்கும்.

நல்லெண்ணெய் கிடையாது. ஆலிவ் எண்ணெய்கூட மருந்துக் கடையில் சின்னச் சீசாவில்தான் விற்றார்கள், காதில் விட்டுக்கொள்ள! 1972-ல் அதிபர் இடி அமீன் ஆசியர்களை உகாண்டாவிலிருந்து விரட்டினார். அவர்களில் நிறையப் பேர் பக்கத்திலிருந்த லெஸ்டரில் குடியேறினார்கள். ‘எங்கள் ஊருக்கு வராதீர்கள்’ என்று லெஸ்டர் நகராட்சி உகாண்டா பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது. அதையும் மீறி வந்தவர்களால்தான் பெல்கிரேவ் சாலையில் எங்களுக்கு வெண்டைக்காயும் பெருங்காயமும் துவரம் பருப்பும் கிடைத்தன. மாதம் ஒருமுறை அப்பா காரில் அழைத்துப்போவார்.

மாங்காய்க்கு மட்டும் வழி பிறக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது பக்கத்து வீட்டு அம்மாளின் பிராம்லி மரம். பிராம்லி என்பது சமையலுக்கென்றே உள்ள பச்சை ஆப்பிள். அப்படியே கடித்தால் பல் கூசும் புளிப்பு. 1809-ல் நாட்டிங்காமுக்குப் பக்கத்துச் சிற்றூரான சவுத்வெல்லில் ஒரு சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த ஜாதி அது, எங்கள் மாவட்டத்துச் சொத்து. ஒரு கோடை முடிவில் அந்த அம்மாள் வேலிக்கு மேலாக ஒரு கூடை கொடுத்தார். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் அரிவாள்மணையை எடுத்து வந்தார். தோலோடு பொடிப்பொடியாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசிறி, கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்த எண்ணெயை நன்றாக ஆறவிட்டு ஊற்றினார். சூடாக ஊற்றினால் பிராம்லி நொடியில் குழைந்துவிடும். நாலு நாளைக்கு மேல் தாங்காது. நாலு நாள் எதற்கு, மறுநாளே கிண்ணம் காலி. பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. அவர்கள் அதைப் பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டார்கள்.

1976-ல் இங்கிலாந்தில் பெரிய வறட்சி வந்ததாமே, நினைவிருக்கிறதா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

நன்றாக நினைவிருக்கிறது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை தொடர்ந்து 15 நாள், இங்கிலாந்தின் ஏதாவது ஒரு பகுதியில் 32 டிகிரியைத் தாண்டியது. உங்கள் ஊரில் அது சாதாரண நாள். அங்கே தார் இளகியது, பூங்காப் புல் வைக்கோல் நிறமாகிவிட்டது, பொறிவண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து துணிக்கொடியை மொய்த்தன. குளித்த தண்ணீரை வாளியில் மொண்டு பீன்ஸ் கொடிக்கு ஊற்றச் சொன்னார்கள். அம்மா பெட்டியிலிருந்து சுங்கடிப் புடவைகளை எடுத்து உடுத்திக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்தார். அவர் அவ்வளவு மலர்ச்சியாக இருந்த கோடை வேறு இல்லை. ஆகஸ்டில் டெனிஸ் ஹாவல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராகப் போட்டார்கள். சில நாளிலேயே மழை கொட்டியது.

நிறவெறி இருந்திருக்குமே. அதைப் பற்றி நீங்கள் பேசுவதில்லையே?
– ஒரு வாசகர், கோவை

இருந்தது. குடியேறியவர்களை எதிர்த்த நேஷனல் ஃபிரண்ட் கட்சி வளர்ந்த காலம் அது. சுவர்களில் அதன் எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். பள்ளியில் என்னை ஒரு கெட்ட பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதை இங்கே எழுதமாட்டேன். ஒரு மாலை அதே ட்விட்செல்லில் பெரிய பையன் ஒருவன் என் மேல் துப்பினான். வீட்டில் சொல்லவில்லை, கோட்டைக் கழுவிக் காயப்போட்டேன். பிராம்லிக் கூடை வந்ததும் அந்தத் தெருவில்தான், துப்பியதும் அந்தத் தெருவில்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு மனம் வராது.

கிரிக்கெட் பார்த்ததுண்டா?
– ஒரு வாசகர், சேப்பாக்கம்

ட்ரென்ட் பிரிட்ஜ் மைதானமே எங்கள் புறநகரில்தான் இருக்கிறது! 1974 வரை கேரி சோபர்ஸ் நாட்டிங்காம்ஷயர் அணிக்கு ஆடினார். 1973-லிருந்து மூன்று பருவம் நம் வெங்கட்ராகவன் பக்கத்து டெர்பிஷயருக்கு ஆடினார். அவரைப் பார்க்கவே அப்பா புளியோதரைப் பொட்டலத்தோடு டெர்பிக்குப் போவார். 1977 ஆஷஸ் டெஸ்டில் ஜெஃப் பாய்காட், எதிர்முனையில் ஆடிய எங்கள் உள்ளூர் ஆட்டக்காரர் ராண்டாலை ரன் அவுட் ஆக்கியபோது கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். பாய்காட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு சதம் அடித்தார். எங்கள் ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள், ஆனால் மன்னித்தார்களா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

என் மகன் குடும்பத்தோடு நாட்டிங்காமுக்கு மாற்றலாகிப் போகிறான். ஊர் இன்னும் அப்படியே இருக்கிறதா? அவனுக்கு என்ன சொல்லலாம்?
– ஒரு வாசகர், திருச்சி

வீடுகள் அப்படியே இருக்கின்றன. முன்தோட்டங்களைப் பெயர்த்துக் கல் பாவி கார் நிறுத்துகிறார்கள். நூலகக் கட்டிடமும் புதிது. போனமுறை எங்கள் தெருவில் நின்றபோது எனக்கு மிகவும் குறையாகப்பட்டது நடந்து போகிற ஆட்கள்தான். பால்காரர், நிலக்கரிக்காரர், சந்தில் எதிர்ப்படுகிறவர் என்று ஒரு நாளில் பத்துப் பேராவது என் பெயரை அறிந்து வைத்திருந்தார்கள். அவ்வளவு பேர் கண்ணில் பட்டு வளர்ந்ததைத்தான் நான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். உங்கள் மகனிடம், முடிந்த இடத்துக்கெல்லாம் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஆற்றங்கரைப் படித்துறை நடக்க அருமையான இடம்.

அப்புறம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் கூஸ் ஃபேர் திருவிழா. 1928-லிருந்து ஃபாரஸ்ட் திடலில் நடக்கிறது, இப்போது டிராமில் போய் இறங்கலாம். ராட்டினம் ஏறுவதற்கு முன்னால் பட்டாணிக் கடைக்குப் போகச் சொல்லுங்கள். குழைய வேகவைத்த பட்டாணியைச் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள், மேலே புதினா சாஸ். சைவம்தானா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். சாஸைத் தாராளமாக ஊற்றிக்கொள்ள வேண்டும், கிண்ணத்தை உடனே காலி செய்ய வேண்டும். அந்தக் குளிரில் அது சீக்கிரம் ஆறிவிடும்.