நாலு நாள் சென்னை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் கிராமம் எங்களுக்கு. பரீட்சை லீவில் ஆறு பேர் சென்னைக்கு வருகிறோம். 70 வயது அம்மாச்சியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும் உண்டு. எங்கே இறங்கலாம், எங்கே ரூம் போடலாம்?

பதில்: பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். காலையில் எழும்பூரில் விட்டுவிடும். தண்டவாள வேலை, ஸ்டேஷன் வேலை நடக்கும் காலத்தில் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்துவதுண்டு. அதனால் ரயில்வேயிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸைக் கிளம்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். ஐந்து வயது முடியாத பிள்ளைக்கு டிக்கெட் கிடையாது. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் அரை.

பஸ்ஸில் வந்தால் கோயம்பேடு வரை போகலாம் என்று நினைத்திருப்பீர்கள். தென்மாவட்டப் பஸ்கள் இப்போது 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து எழும்பூர் சுமார் 30 கி.மீ. அதே வளாகத்தில் மாநகரப் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, மின்சார ரயில் ஏறுவதுதான் சிக்கனம். காலை 8 மணிக்கு மேல் அந்த ரயிலில் மூட்டையோடு ஏறினால் இறங்கும் ஸ்டேஷனில் இறங்க முடியாது. ஆபீஸ் கூட்டம் வாசலை அடைத்து நிற்கும். ஏழரைக்குள் தாம்பரத்தைத் தாண்டிவிடப் பாருங்கள். பெரிய கட்டைப்பை இரண்டுக்குப் பதில் ஆளுக்கொரு தோள்பையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீரும்.

ரூமை எழும்பூரிலேயே போடுங்கள். ஸ்டேஷன் எதிரில் கென்னட் லேன் சுற்றுவட்டாரத்தில் எல்லா விலைக்கும் லாட்ஜ் உண்டு. மின்சார ரயில், மெட்ரோ இரண்டும் கைக்கெட்டும் தூரம். தூரத்தில் மலிவாக ரூம் கிடைக்கிறது என்று போனால், மிச்சம் பிடித்ததை ஆட்டோ வாங்கிக்கொண்டு போய்விடும். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ரூம் கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணியா? 12 மணிக் கணக்கு லாட்ஜில் காலை ஆறு மணிக்கு நுழைந்தால் நண்பகலுக்கே ஒரு நாள் வாடகை முடிந்துவிடலாம். அடுத்து, லிஃப்ட் இருக்கிறதா? அம்மாச்சிக்கு மூன்றாம் மாடி ஏற்றம் ஆகாது. பெரியவர்கள் எல்லோருடைய அசல் ஆதாரும் கையில் இருக்கட்டும். ரோட்டுப் பக்க ரூம் வேண்டாம், பின்பக்கம் கேளுங்கள். ராத்திரி முழுக்க ஹாரன் சத்தம் இருக்கும், ஊரில் தவளைச் சத்தத்தில் தூங்கிய காதுக்கு அது சேராது.

கேள்வி: ஆறு பேரும் ஒரே ஆட்டோவில் போக முடியாதா?

பதில்: முடியாது. ஆட்டோவுக்கு மூன்று பேர்தான் கணக்கு, சாதாரண வாடகைக் காருக்கு நாலு. ஆறு பேர் என்றால் இரண்டு ஆட்டோ, அல்லது செல்போனில் வண்டி பிடிக்கும் செயலியில் பெரிய கார். ரோட்டில் நிற்கும் ஆட்டோவில் மீட்டரை நம்பிப் பயனில்லை. செயலியில் அதே தூரத்துக்கு என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். செயலியில் பிடித்த வண்டியானால், வண்டி எண் சரியாக இருந்தால்தான் செயலி காட்டும் ஓ.டி.பி. எண்ணை டிரைவரிடம் சொல்ல வேண்டும்.

சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் டீலக்ஸ், ஏ.சி. பஸ்ஸில் அது செல்லாது. ஏறுமுன் கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகப் பல பஸ் தடங்கள் மாறியிருக்கின்றன. சொந்தக்காரர் மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன பஸ் நம்பர் இன்று அந்தப் பக்கம் போகாமலிருக்கலாம்.

கேள்வி: எஸ்கலேட்டர் என்றாலே அம்மாவுக்குப் பயம். மெட்ரோவில் எப்படி அழைத்துப் போவது?

பதில்: எஸ்கலேட்டரே வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷன்களில் லிஃப்ட் உண்டு, எங்கே என்று காவலரைக் கேட்டால் காட்டுவார்கள். ஏறியே தீர வேண்டிய இடத்தில் கைப்பிடியை முதலில் பிடிக்க வேண்டும், அதுவும் படியோடு சேர்ந்து நகரும். மஞ்சள் கோட்டில் மிதிக்காமல் படியின் நடுவில் காலை வைக்க வேண்டும். கோட்டில் வைத்த கால், படி மேலெழும்போது பிரிந்து தடுமாறும். புடவைக் கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். துணைக்கு வருபவர் ஏறும்போதும் இறங்கும்போதும் கீழ்ப்படியில் நிற்க வேண்டும். சறுக்கினால் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளின் மெத்தென்ற ரப்பர் செருப்பு பக்கவாட்டு இடுக்கில் சிக்கி இழுக்கும், நடுவில் நிற்க வையுங்கள். ஏதாவது சிக்கினால் மேலும் கீழுமுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். எஸ்கலேட்டர் நின்றுவிடும்.

மெட்ரோ டிக்கெட்டை வெளியேறும் கதவு வரை தூக்கிப் போடாதீர்கள். மின்சார ரயிலில் கூட்டமில்லாத பெட்டியைப் பார்த்ததும் ஓடி ஏறாதீர்கள், அது முதல் வகுப்பாக இருக்கும். சாதா டிக்கெட்டோடு பிடிபட்டால் கட்டண வித்தியாசத்தோடு ஆளுக்குக் குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

கேள்வி: நாலு நாளில் என்னென்ன பார்க்கலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் பதினான்கு இடம் இருக்கிறது. ஏழாக்குங்கள். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். பத்து கிலோமீட்டருக்குச் சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் சாதாரணம். ஒரு நாளுக்கு ஒரு திசை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பகல் 12 முதல் 4 வரை ரூமில் படுத்துவிடுங்கள். உங்கள் ஊர் வெயில் காய்ச்சும், இந்த ஊர் வெயில் புழுங்கும். வேர்வை ஆறாது, பெரியவர்களுக்கு மயக்கம் வருவது அதனால்தான். தாகமில்லாவிட்டாலும் மோர், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் உப்போடு.

விடுமுறை நாள்களைப் பார்த்து அடுக்குங்கள். வண்டலூர் பூங்கா செவ்வாய் கிடையாது. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளி கிடையாது. அந்த அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1851-இல் தொடங்கியது. திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரும் அங்கேதான். கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று விரல் நுனியையும் நகத்தையும் பார்க்கலாம், கோயிலில் அந்த நெருக்கம் கிடைக்காது. வண்டலூருக்குக் காலையிலேயே போங்கள். 602 ஹெக்டேரை அம்மாச்சி நடந்து தீர்க்க முடியாது, பேட்டரி வண்டிக்கு டிக்கெட் எடுங்கள். வெயில் ஏறினால் புலி நிழலுக்குப் போய்விடும்.

கேள்வி: மெரினாவில் பிள்ளைகளைக் குளிக்க விடலாமா? இருவரும் கிணற்றில் நன்றாக நீந்துவார்கள்.

பதில்: கூடாது. கிணற்றுத் தண்ணீர் இழுக்காது, அலை திரும்பும்போது காலடி மணலையே பறிக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே இறந்திருக்கிறார்கள். கணுக்கால் நனையும் வரை, பெரியவர் கையைப் பிடித்தபடி. அவ்வளவுதான்.

கேள்வி: ரங்கநாதன் தெருவில் பிள்ளை கைவிட்டுப் போனால்?

பதில்: போகுமுன்பே தயாராகுங்கள். காலையில் கிளம்பும்போது அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள், அதுதான் போலீஸுக்கு உதவும். உங்கள் செல் நம்பரைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள், வேர்வையில் அழியும் என்பதால் சட்டைப் பையிலும் ஒரு சீட்டு. ‘காணாவிட்டால் நகராதே, பக்கத்துக் கடையில் பில் போடுகிறவரிடம் சொல்’ என்று பழக்குங்கள். தேடிக்கொண்டு பிள்ளையும் நடந்தால் இருவரும் எதிரெதிராகப் போவீர்கள். அவசரத்துக்கு 112. தெருக் கூட்டத்தில் அம்மாச்சியை இழுக்காமல், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரையுள்ள ஆகாய நடைமேடையில் அழைத்துப் போகலாம். சனி, ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: திரும்பும்போது இரவு 9 மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ். எழும்பூரிலிருந்து எப்போது கிளம்பலாம்?

பதில்: ஆறரைக்கு. மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பஸ். காரில் போனால் குரோம்பேட்டை, பெருங்களத்தூரில் நிற்க நேரிடும். தொடர் விடுமுறைக்கு முந்தின நாள் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்னி பஸ்ஸானால் டிக்கெட்டில் ஏறுமிடம் எது என்று மதியமே பார்த்து, வண்டி எண்ணையும் கேட்டு வையுங்கள்.