கேள்வி-பதில்: டிரைவருக்கு காசு குடுக்கணுமா?

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம். லினக்ஸ் சர்வர்லேருந்து டேட்டாபேஸ கனெக்ட் பண்ற டிரைவர், அதாவது ரெண்டுக்கும் நடுவுல நின்னு பேச வெக்கற சாஃப்ட்வேர். ஆக்டிங் டிரைவருக்கு எவ்ளோ குடுக்கலாம்னு கேட்டவர் மன்னிக்கணும், உங்களுது அடுத்த வாரம்.

கேள்வி: சேலத்துல சின்னதா மளிகை ஹோல்சேல் பண்றேன் சார். பில்லிங் விண்டோஸ்ல, மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்ங்கற டேட்டாபேஸ்ல ஓடுது. ஆன்லைன் ஆர்டருக்கு உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் சர்வர் போட்ட பையன், டிரைவர் லைசென்ஸ்னு தனியா 18,000 ரூபாய் வாங்கினான். இப்ப வருஷா வருஷம் ரினீவல் வேற கேக்கறான். நியாயமா?

பதில்: இல்லம்மா. அவன் போட்டது மைக்ரோசாஃப்டோட ஓடிபிசி (டேட்டாபேஸோட பேசற ஒரு பொது முறை) டிரைவர் 18-னு நீங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்லயே தெரியுது. அது இலவசம். போடும்போது லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கு சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்ளோதான், பைசா கிடையாது, ரினீவலும் கிடையாது. அந்த டிரைவர எடுத்து ஓட்டற யூனிக்ஸ்ஓடிபிசிங்கற மேனேஜரும் இலவசம்தான். இன்ஸ்டால் பண்ண கூலின்னு வாங்கியிருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன், வேலைக்குக் கூலி கேக்கறது தப்பில்ல, ஆனா லைசென்ஸ்னு பில்லுல எழுதி வாங்கியிருந்தா அது ஏமாத்து. பில்ல பத்திரமா வைங்க. மொதல்ல எழுத்துல பணத்தத் திருப்பிக் கேளுங்க, மசியலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு ஃபோன் போடுங்க. வியாபாரத்துக்கு வாங்கினா நுகர்வோர் இல்லன்னு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு வரி இருக்கு, அதக் காட்டி பயமுறுத்துவாங்க, ஆனா சுயதொழிலா பொழப்புக்காக வாங்கினவங்களுக்கு அதுலயே விலக்கும் இருக்கு. நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா நுகர்வோர் கமிஷன்ல ஃபீஸ் கிடையாது, புகார 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கெல்லாம் முன்னாடி, இன்னிக்கே, அவன்கிட்ட இருக்கற டேட்டாபேஸ் பாஸ்வேர்ட மாத்துங்க.

கேள்வி: ஸ்கிரிப்ட் கையால ஓட்டினா ஓடுது, நேரத்துக்குத் தானா ஓடட்டும்னு கிரான்ல போட்டா ஐஎம்002, டேட்டா சோர்ஸ் நேம் இல்லன்னு வருது. சர்வர் ஸ்பீடு பத்தலன்னு நெனச்சு ராம் டபுள் பண்ணி புது சர்வர் வாங்கிட்டேன். அதுலயும் அப்படியே வருது.

பதில்: டேட்டாபேஸ கனெக்ட் பண்ண நீங்க வெச்ச பேர் இல்லன்னு சொல்லுது, நீங்க ராம் வாங்கறீங்க. எர்ரர ஒரு தடவயாவது படிச்சீங்களா? கனெக்‌ஷன் விவரத்த உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள டாட் ஓடிபிசி டாட் ஐஎன்ஐ-ல எழுதி வெச்சிருப்பீங்க. கிரான் வேற யூசர்ல ஓடுது போல, அந்த யூசருக்கு உங்க வீட்டுக்குள்ள இருக்கறது எப்படித் தெரியும்? அதே வரிகள எல்லா யூசருக்கும் பொதுவான இடிசி (/etc) ஃபோல்டர்ல இருக்கற ஓடிபிசி டாட் ஐஎன்ஐ-க்கு மாத்துங்க. எந்த ஃபைலப் படிக்குதுன்னு தெரியலன்னா ஓடிபிசிஇன்ஸ்ட் கமாண்டுக்கு மைனஸ் ஜே குடுங்க, அதுவே சொல்லும். புது சர்வர ரிட்டர்ன் எடுப்பாங்களான்னு கேட்டிருக்கீங்க. எனக்குத் தெரிஞ்சு எடுக்க மாட்டாங்க.

கேள்வி: கேன்ட் ஓபன் லிப், ஃபைல் நாட் ஃபவுண்ட்னு வருது. ஃபைல் அங்கயேதான் இருக்கு, கண்ணால பாக்கறேன். வெளில ஒரு கம்பெனி டிரைவர் இருக்காம், ட்ரபுளே இல்லங்கறாங்க. வாங்கிடலாமா?

பதில்: வாங்காதீங்க! இந்த ஒரு எர்ரருக்கு நான் 32,000 ரூபாய் அழுதிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா பேசறேன், பொறுத்துக்கோங்க. இந்த மெசேஜ் பொய் சொல்லும். நம்ம டிரைவர் ஃபைல் இருக்கும், பர்மிஷன் சரியா இருக்கும், ஆனா அந்த டிரைவர் உள்ள போயி இன்னொரு லைப்ரரிய, அதாவது தனக்கு வேண்டிய துணை ஃபைலத் தேடும், அது இல்லன்னா அந்தப் பேரச் சொல்லாம, டிரைவரயே காணோம்னு சொல்லிடும், கல்யாண வீட்ல சமையல்காரர் வரலங்கறதுக்கு மாப்ளயே வரலன்னு சொல்ற மாதிரி. நாம பாவம், திரும்பத் திரும்ப அந்த ஃபைலயே பாத்துட்டு உக்காந்திருப்போம். அன்னிக்கு நான் மூணு நாள் அப்படித்தான் உக்காந்தேன், நாலாவது நாள் ஒருத்தர் ஃபோன்ல வந்து எங்க டிரைவர் எல்லாத்தையும் உள்ளயே வெச்சிருக்கும் சார்னாரு, கார்ட எடுத்துத் தேச்சிட்டேன். வேல செஞ்சுது, இல்லன்னு சொல்லல. ஆனா லைசென்ஸ் ப்ராசஸர் கோர் கணக்கு. நாலு கோருக்கு வாங்கினது, அடுத்த வருஷம் மெஷின எட்டு கோருக்கு மாத்தின அன்னிக்கே நின்னு போச்சு, இன்னொரு மடங்கு காசு குடுங்கன்னாங்க. அப்பதான் வயித்தெரிச்சல்ல பழைய இலவச டிரைவர எடுத்து, அதுக்கு எந்தெந்த லைப்ரரி வேணும்னு காட்டற எல்டிடி கமாண்டு அடிச்சுப் பாத்தேன். வரிசையா லைப்ரரி பேர் வந்துது, அதுல ஒண்ணே ஒண்ணுக்கு நேரா நாட் ஃபவுண்ட். ஓடிபிசிஇன்ஸ்ட்ங்கற லைப்ரரி. உபுண்டுல சாஃப்ட்வேர் போடற ஆப்ட்ல ஒரு வரி, அர நிமிஷம், முடிஞ்சுது.

அதனால நீங்க மொதல்ல எல்டிடி அடிங்க, டிரைவரோட முழுப் பாதையக் குடுத்து. அதுல எல்லாம் சரின்னா ஃபைல்ங்கற கமாண்டு அடிச்சு 32 பிட்டா 64 பிட்டான்னு பாருங்க, டிரைவர் ஒண்ணு, புரோகிராம் இன்னொண்ணுன்னு கலந்தாலும் இதே பொய்தான் வரும். இதயெல்லாம் பண்ணிட்டும் வரலன்னா எனக்கு மறுபடி எழுதுங்க, கார்ட மட்டும் எடுக்காதீங்க. காசுக்கு விக்கற டிரைவரே கூடாதுன்னு சொல்ல வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன எடுக்க ஆள் வேணும்ங்கற பேங்க் மாதிரி எடத்துக்கு அது சரி. பத்து பேர் ஆபீஸுக்கு எதுக்கு?

கேள்வி: கஸ்டமர் பேரு தமிழ்ல போட்டா எல்லாம் கேள்விக்குறியா வருது. தமிழ் ஃபான்ட் பேக்கேஜ் 4,500-க்கு வாங்கிப் போட்டும் அப்படியே.

பதில்: ஃபான்ட் இல்லன்னா கட்டம் கட்டமா வரும். கேள்விக்குறியா வந்தா எழுத்தே போச்சுன்னு அர்த்தம். டேபிள்ல அந்தப் பேர் காலம் (column) வார்கேர்ங்கற வகைல இருக்கும், தமிழையும் ஏத்துக்கற என்வார்கேரா மாத்துங்க, எஸ்க்யூஎல்ல நேரா எழுதற தமிழுக்கு முன்னாடி இங்கிலீஷ் பெரிய என் (N) போடுங்க. ஃப்ரீடிடிஎஸ்ங்கற இன்னொரு இலவச டிரைவர்னா கிளையன்ட் சார்செட்ட யூடிஎஃப்-8-னு வைங்க. ஏற்கனவே கேள்விக்குறியா சேவ் ஆனத எந்த டிரைவரும் மீட்டுத் தராது, பேப்பர் பில்லப் பாத்துத் திரும்ப அடிக்கணும். வருத்தமாத்தான் இருக்கு.

கேள்வி: டிரைவர் 17-லேருந்து 18-க்கு மாத்தினதும் செல்ஃப் சைன்ட் (சர்வரே தனக்குத் தானே கையெழுத்துப் போட்ட) சர்டிஃபிகேட்னு கனெக்‌ஷன் செத்துப் போச்சு. வருஷத்துக்கு இவ்ளோன்னு சர்டிஃபிகேட் வாங்கச் சொல்றாரு கன்சல்டன்ட்.

பதில்: 18-லேருந்து என்க்ரிப்ஷன், அதாவது டேட்டாவ பூட்டி அனுப்பறது, தானாவே ஆன் ஆகி வருது, அதான் காரணம். டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்டுக்கு எஸ் போட்டா இப்பவே ஓடும், ஆனா அந்தப் பக்கம் பேசறது நம்ம சர்வர்தானான்னு யாரும் செக் பண்ண மாட்டாங்க. ஆபீஸுக்குள்ள ஒரே ஸ்விட்ச்ல இருக்கற ரெண்டு மெஷினுக்கு தற்காலிகமா ஓகே. இன்டர்நெட் வழியா போகுதுன்னா கூடவே கூடாது. நீங்களே ஒரு சர்டிஃபிகேட் செஞ்சு, சர்வர் பேர அதுல சரியா போட்டு, எஸ்க்யூஎல் சர்வர்ல ஏத்தி, உபுண்டுவோட நம்பிக்கைப் பட்டியல்ல சேத்துட்டா போதும், காசு வேணாம். கன்சல்டன்ட்டுக்கு ஒரு மணி நேரக் கூலி குடுத்து அதயே செய்யச் சொல்லுங்க, செய்யத் தெரியுதான்னும் பாத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: எஸ்க்யூஎல் சர்வர கனெக்ட் பண்ண ஐபி அட்ரஸ், கோலன், போர்ட் நம்பர் 1433-னு போட்டேன். போகல. வேற டிரைவர் வாங்கணுமா?

பதில்: கோலன் இல்ல, கமா.