டீ குடிப்பதில் அப்படி என்ன சுகம்? தமிழர்களுக்கு இந்தப் பழக்கம் எப்போது வந்தது?

என் பாட்டி அதை டீ என்று சொன்னதே இல்லை. கடைசி வரை ‘தேத்தண்ணி’தான். இலங்கையில் நுவரெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நீலகிரியில் இருக்கும் கூடலூருக்கு வந்து சேர்ந்தார். இங்கேயும் அதே வேலைதான். அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவே தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ என்ற அரசு நிறுவனம்.

இலங்கையில் தேயிலை பெரிதானதே காப்பி அழிந்ததால்தான். 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே வருடத்தில் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. அதற்காகக் காடு வெட்டியதும், செடி நட்டதும், பறித்ததும் இங்கிருந்து கங்காணிகள் என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் கூட்டிப்போன நம் ஆட்கள். ஆனால் நல்ல தேயிலை கப்பலேறி லண்டனுக்குப் போனது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்குப் பால் கட்டுப்படியாகாது. சாயத்தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும்தான். பாட்டி வெல்லத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறிஞ்சுவார். சாயத்தில் சர்க்கரையைக் கலந்தால் அவருக்குப் பிடிக்காது.

சரி, சமவெளியில் எப்போது வந்தது? நாம் நினைப்பதைவிட மிகச் சமீபத்தில். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் தேயிலைமேல் 1903-ல் ஒரு தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். 1930-களில் உலகச் சந்தை சரிந்து, தேயிலை விளையும் நாடுகள் போட்ட 1933 ஒப்பந்தத்தால் ஏற்றுமதிக்கும் அளவு வைத்தபிறகு உள்ளூர்க்காரர்களைக் குடிக்கவைத்தே ஆகவேண்டிய நிலை. ஊர் ஊராகப் போய்க் காய்ச்சிக் காட்டினார்கள், இலவசமாகவும் ஊற்றினார்கள். நீராகாரமும் மோரும் குடித்த ஊர்களுக்கு டீ வந்து சேர்ந்த வழி இதுதான். அதே காலத்தில்தான் அஸ்ஸாமில் சிடிசி இயந்திரமும் வந்தது. அது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கிவிடும். குருணையிலும் தூளிலும் சாயம் சட்டென்று இறங்கும், ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் டீயும் அதிகம். நம் டீக்கடைகள் நிற்பதே இந்தத் தூளை நம்பித்தான்.

இனி சுகத்துக்கு வருகிறேன். பாய்லருக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். மாஸ்டர் கிளாஸை வெந்நீரில் அலசி, சர்க்கரை போட்டு, பால் ஊற்றி, துணி வடிகட்டியிலிருந்து சாயத்தை இறக்கி, கையை உயர்த்தி ஆற்றுகிறார். அப்படி ஆற்றுவதில்தான் பாலும் சாயமும் ஒன்றாகிறது, நுரை ஏறுகிறது, வாய் பொறுக்கும் சூட்டுக்கு வருகிறது. வீட்டில் எவ்வளவு நல்ல தூள் வாங்கினாலும் எனக்கு அது கைகூடவில்லை. முதல் வாயில் பாலின் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது இலையின் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்காகத்தான் நான் குடிக்கிறேன். துவர்ப்பு இல்லாத டீ எனக்கு வெறும் சூடான பால். ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’ என்று கேட்பதும் இதற்குத்தான்.

அப்புறம், முடிந்தால் ஜனவரியில் ஒருமுறை குன்னூர் பக்கம் போங்கள். உறைபனிக் காலத்தில் செடி மெதுவாகத் துளிர்ப்பதால் அந்தக் கொழுந்துக்குத் தனி மணம். தொழிற்சாலையைத் தாண்டும்போதே ஈர இலை வாடும் வாசனை பஸ்ஸுக்குள் வந்துவிடும். அந்தத் தேயிலையில் தூளாக இல்லாமல் இலையாகவே நூறு கிராம் வாங்கி, கொதித்து இறக்கிய நீரில் மூன்று நிமிடம் மூடி வைத்து, பால் ஊற்றாமல் குடியுங்கள். வெல்லம் கடிப்பதும் கடிக்காததும் உங்கள் இஷ்டம். நான் கடித்துக்கொள்வேன்.