அத்தைக்கு வராத லொறி

மதிப்புக்குரிய டீச்சர்,

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறேன். ஊர் மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சென்ற மாதம் எங்கள் வகுப்பில் கருக்கலைப்பு சரியா, பிழையா என்று ஒரு விவாதம் நடந்தது. கரு ஓர் உயிர் என்றே ஒப்புக்கொண்டாலும், அதற்காகத் தன் உடலைக் கொடுத்தே தீர வேண்டிய கடமை பெண்ணுக்கு இல்லை என்று, அமெரிக்க மெய்யியலாளர் ஜூடித் ஜார்விஸ் தொம்சன் 1971இல் எழுதிய கட்டுரையை வைத்து நான் வாதிட்டேன். எதிர்த்துப் பேசியவர் புறநானூற்றின் 34ஆம் பாடலைக் காட்டி, இது பாவம் என்று நம் முன்னோர் சொல்லிவிட்டார்கள் என்றார். எனக்குப் பதில் வரவில்லை. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும்) அக்கா ஒருவர் யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்கி, இரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். "செஞ்ச பாவம்" என்றார் அம்மா. தோட்டத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லாததே இதற்கெல்லாம் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கரு எப்போது மனிதராகிறது? நீங்கள் எந்தப் பக்கம்?

*

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, சென்ற மாதம் காலமான என் அத்தையின் றங்குப்பெட்டியைத் திறந்து, ஊழியர் சேமலாப நிதிக் கடதாசிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே கிடைத்த ஒரு துண்டுக் கடதாசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புறநானூற்றை முதலில் முடித்துவிடலாம். ஆலத்தூர் கிழாரின் அந்தப் பாட்டில் 'மகளிர் கருச்சிதைத்தோர்' என்று வருவது உண்மை. அது பெண்ணுக்குக் கேடு செய்த பிறரைச் சொல்வதாகவே நான் வாசிக்கிறேன். அது எப்படியானாலும், அவர்களுக்கும் கழுவாய் (பரிகாரம்) உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்களுக்குத்தான் உய்தி (மீட்சி) இல்லை என்பதே பாட்டு சொல்லவந்த செய்தி. உங்களோடு வாதிட்டவர் பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டார். தொம்சனின் வாதம் நல்ல வாதம், பரீட்சைக்கு எழுதுங்கள்.

கரு எப்போது மனிதராகிறது என்ற கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளையை இழந்தவள் நான். அது வெறும் சதைதானே என்று எவராவது சொன்னால் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன். ஆனால் நம் இலங்கைச் சட்டம் அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை காத்திருக்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரையிலும், வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் 7 ஆண்டு வரையிலும் சிறை என்கிறது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதற்குள் அடக்கம். இந்தச் சட்டத்தை நமக்குத் தந்த பிரித்தானியர், தங்கள் நாட்டில் 1967இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். இந்தியா 1971இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் கொண்டுவந்தது. தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பச் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி என் சின்ன அத்தை தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில், அக்கரைக்குப் போனவர் டொக்டரிடம் போய்க் கேட்கக்கூடிய ஒன்று, இக்கரையில் நின்றவருக்குச் சிறைக்குரிய குற்றமாயிற்று. கருவின் தன்மை பாக்கு நீரிணையில் வைத்து மாறிவிடுகிறதா என்று உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

இனி, உங்களோடு நான் கோபப்படும் இடத்துக்கு வருகிறேன். தோட்டத்துப் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். லயத்தில் பிறந்து, அந்தப் பெண்கள் பறித்த கொழுந்தின் சம்பளத்தில் படித்து, பேராதனைக்குப் போனவுடன் இந்தச் சொல் உங்கள் வாயில் எப்படி வந்தது? எங்களைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லோடுதான் மலை ஏறுகிறார்கள். நீங்களும் அதையே சொல்லலாமா?

என் அத்தைக்கு என்ன தெரியாது என்று சொல்கிறேன், கேளுங்கள். 1974, பஞ்ச காலம். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு நான்கு பிள்ளைகள். மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவர் வெறும் தேயிலைச் சாயத் தண்ணீரைக் குடித்துவிட்டு மலைக்குப் போவார். ஐந்தாவது வயிற்றில் தங்கியபோது, "இருக்கிற நாலையும் காப்பாத்தணும்ல" என்று என் அம்மாவிடம் சொன்னதை, அடுப்பங்கரையில் படுத்திருந்த நான் கேட்டேன். எனக்கு ஒன்பது வயது. என்ன சாப்பிட்டார், யார் கொடுத்தார்கள் என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு காம்பராவின் (லயத்து அறையின்) மண் தரை நனைந்துபோனது. அப்பா லொறி கேட்டு ஓடினார். தோட்டத்து மேலாளரான துரையின் கையெழுத்து இல்லாமல் லொறி எடுக்க முடியாது, காலையில் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அத்தையைக் கிடத்தி, நான்கு பேர் மூன்று மைல் தூரம் பெரிய ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். நான் லாந்தர் பிடித்தேன். திரும்பிப் பார்க்காமல் முன்னே நட என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். கம்பளியிலிருந்து தேயிலைச் செடிமீது சொட்டும் சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, மருந்து கொடுத்தது யார் என்று. சொல்லாவிட்டால் பொலிஸுக்கு அறிவிப்போம் என்றார்கள். "மலையில வழுக்கி விழுந்துட்டேன்" என்றார் அத்தை. அந்தப் பதிலை அவர் சாகும்வரை மாற்றவில்லை.

அவர் பிழைத்தார். அதன்பிறகு ஒரு பிள்ளையும் பெற்றார். 1980களின் தொடக்கத்தில், கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் 500 ரூபாய் வரை கொடுத்தது. 1982இல் ஒரு காலை, அதே தோட்டத்தின் லொறி லயத்து வாசலுக்கே வந்து நின்றது. உட்காரப் பலகை போட்டிருந்தார்கள். அத்தையோடு பதினொரு பெண்கள் ஏறினார்கள். வேறு வழி ஏதும் உண்டா, இது மாற்ற முடியாததா என்று எவரும் அவர்களிடம் விளக்கவில்லை. அந்தக் காசில் அத்தை அடகிலிருந்த காதுத் தோட்டை மீட்டார். பெட்டிக்குள், சேமலாப நிதிக் கடதாசிகளுக்கு நடுவே, நான்காக மடித்து நான் கண்டெடுத்தது அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுதான். அவர் பெயரைப் பிழையாக எழுதியிருக்கிறார்கள்.

பிள்ளை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்த இரவில் லொறி இல்லை. இனிப் பிள்ளை வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவெடுத்த காலையில் லொறி வாசலில் நின்றது. எட்டு ஆண்டு இடைவெளியில், அந்த ஒரே உடம்பு முதலில் குற்றவாளியாகவும் பிறகு கணக்கில் சேரும் ஒரு தலையாகவும் நடத்தப்பட்டது. மூன்றாம் பிள்ளை பெற்றால் 84 நாள் மகப்பேற்று லீவு 42 நாளாகக் குறைந்த சட்டமும் 2018 வரை இருந்தது. நம் எண்ணிக்கை குறைகிறது, நம் பெண்கள் நிறையப் பெற வேண்டும் என்று மேடையில் பேசும் நம்மவர்களையும் நான் இந்தக் கூட்டத்திலேயே சேர்க்கிறேன். ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை வாக்காளர் இடாப்பாகப் பார்க்கிறவருக்கும், செலவுக் கணக்காகப் பார்க்கிறவருக்கும் என்ன வித்தியாசம்?

நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். 1995இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தும் ஒரு திருத்தம் பாராளுமன்றம் வரை போய்ப் பின்வாங்கப்பட்டது. 2017இல் உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தலைமையிலான குழு, வல்லுறவு, முறைதகா உறவு (நெருங்கிய இரத்த உறவினருக்குள் நடக்கும் பாலுறவு), கருவின் கடுமையான குறைபாடு ஆகியவற்றுக்கு அனுமதிக்கலாம் என்றது. கத்தோலிக்கத் திருச்சபை உட்படப் பலரின் எதிர்ப்பில் அதுவும் நின்றுபோனது. அந்தத் திருத்தம் வந்திருக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அது வந்திருந்தாலும் என் அத்தைக்கு உதவியிராது. பசி அந்தப் பட்டியலில் இல்லை. பசித்த நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஐந்தாவதைப் பற்றி எடுத்த முடிவு தவறு என்று சொல்லும் தகுதி எனக்கும் இல்லை, அன்று அவரிடம் கேள்வி கேட்டவர்களுக்கும் இல்லை. அது அவருக்கு வலிக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். ஐந்தாவதையும் சேர்த்தே அவர் பிள்ளைகளை எண்ணுவார். "ஆறு" என்பார், ஐந்து பேர்தான் இருந்தோம் என்று மச்சான்மார் திருத்தினால் பேசாமல் இருந்துவிடுவார்.

உங்கள் லயத்து அக்கா வீட்டுக்கு வந்ததும் போய்ப் பாருங்கள். ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள். இரத்தப்போக்கோ காய்ச்சலோ திரும்பவும் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கருக்கலைப்புக்குப் பிந்திய சிகிச்சைக்கென்று சுகாதார அமைச்சின் வழிகாட்டல் இருக்கிறது, அவரை அலட்சியப்படுத்தினால் நீங்கள் அங்கே நின்று பேசுங்கள். "செஞ்ச பாவம்" என்று சொன்னதற்காக அம்மாவோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் அடுப்பங்கரையில் தனியாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய பெட்டிக்குள்ளும் அப்படியொரு துண்டு இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்