நீர்த்தேக்கக் கரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தை ஒட்டிய கூட்டுரிமை வீட்டில் (கொண்டோமினியம்) இருக்கிறோம். வேலிக்கு வெளியே பத்தடிக்குப் புல்தரை. அங்கே நாலு செடி நட்டு, இரண்டு பெஞ்சு போடலாமா? பூங்காவுக்குப் பக்கவாசல் வைக்கவும் பேச்சு நடக்கிறது.

பதில்: செடியும் வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். வீட்டு விலையில் நீர்க்காட்சி சேர்ந்திருக்கலாம், கரை சேரவில்லை. வேலிக்கு வெளியே இருப்பது பெரும்பாலும் அரசு நிலம்தான். ஒன்மேப் என்ற அரசு வரைபடத் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

செடி வரிசையாக வளர்ந்துவிட்டால், நடக்க வருபவர்கள் அது தனியார் இடமென்று எண்ணி ஒதுங்கிப் போவார்கள். சங்கிலி கட்டாமலேயே வழி அடைபட்டுவிடும். போட்ட உரமும் மழையில் கரைந்து நீருக்குள் போகும். பாசிக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. நாம் குடிக்கும் தண்ணீர் அது.

பக்கவாசல் வேறு விஷயம், முறைப்படி போனால் கேட்கலாம். அளவை வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பாருங்கள். அடுத்து, வெளியே இருக்கும் நிலத்தைப் பராமரிக்கும் அமைப்பிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதற்குப் பிறகே வீட்டு உரிமையாளர்களின் பொதுக்கூட்டம். குடியிருப்பின் பொதுச் சொத்தில் மேம்பாடு என்றால் சிறப்புத் தீர்மானம் தேவை, அதாவது செல்லும் வாக்குகளின் பங்கு மதிப்பில் (ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கிய பங்கின் அளவு) 75 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வாக்கெடுத்து, ஒப்பந்தக்காரருக்கு முன்பணமும் கொடுத்த பிறகு சம்மதம் மறுக்கப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும். வெளிப்பக்கம் திறந்தால் சைக்கிளில் வருபவர் முட்டியில்தான் படும்.

கேள்வி: தூண்டில்காரர்கள் பாதையையே மறித்துக்கொள்கிறார்கள். அனுமதி உண்டா?

பதில்: பலகை வைத்துக் குறித்த இடத்தில், செயற்கை இரையுடன் மட்டும் உண்டு. மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம். குறித்த இடமாகவே இருந்தாலும், தலைக்குமேல் வீசும்போது கொக்கி பின்னால் ஒரு கோல் நீளத்துக்குச் சுழலும். வீசுமுன் திரும்பிப் பார்ப்பது அவர் பொறுப்பு. அறுந்த தூண்டில் நரம்பை விட்டுப் போவதுதான் மோசம்: பறவைக் காலில் சுற்றிக்கொண்டால் தானாக அவிழாது. புகாருக்குப் பலகையும் இடமும் தெரியும்படி படமெடுத்து ஒன்சர்விஸ் என்ற அரசுப் புகார் செயலியில் அனுப்புங்கள்.

கேள்வி: அப்பாவின் அஸ்தியை அமைதியான நீர்த்தேக்கத்தில் கரைக்கலாமா?

பதில்: கூடாது. அதற்குக் கடலில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், புலாவ் செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில். பூ, மாலை, எண்ணெய் விளக்கும் கரையில் வேண்டாம். களிமண் பிள்ளையாரை வீட்டிலேயே வாளித் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம்.

கேள்வி: காற்றடைத்த படகு வாங்கியிருக்கிறோம். பிடோக்கில் இறக்கி, பிள்ளைகள் நீந்தவும் செய்யலாமா?

பதில்: நீச்சல் கிடையாது. பிடோக் நீர்த்தேக்கம் பழைய மணல் குழிகளில் அமைந்தது. கடற்கரை மாதிரி மெல்லச் சரியும் என்று நம்பி இறங்காதீர்கள். படகைக் கண்ட இடத்தில் தள்ளிவிடாமல், அங்குள்ள நீர்விளையாட்டு நிலையத்தில் முதலில் கேளுங்கள். அங்கேயே கயாக் வாடகைக்குக் கிடைக்கும், மிதவைச் சட்டையோடு.