குழந்தையின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என் ஐந்து மாதக் குழந்தைக்கு மூன்று நாட்களாகச் சளி, இருமல், லேசான காய்ச்சல். பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்று, மூச்சுக்குழாயைத் தாக்கும் வைரஸ் என்று வந்திருக்கிறது. இணையத்தில் படித்ததிலிருந்து இரவெல்லாம் விழித்திருந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நுரையீரல் ஆயுளுக்கும் கெட்டுவிடுமாமே? சளி பச்சையாக வருகிறது. மூத்தவனுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மீதியிருக்கிறது, பக்கத்து வீட்டில் நெபுலைசரும் இருக்கிறது. கொடுக்கலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுமோ என்பதுதான் உங்கள் பயம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இரண்டு மாதம்கூட நிறையாத பச்சிளம் குழந்தைகளுக்கும்தான் அந்த ஆபத்து அதிகம். நிறைமாதத்தில் பிறந்து நன்றாக வளர்ந்துவரும் ஐந்து மாதக் குழந்தைக்கு அப்படித் திடீரென்று நேர்வது மிக அரிது. நோய் முற்றினால் பெரும்பாலும் பல மணி நேரம் முன்பே உடல் காட்டிக்கொடுத்துவிடும். எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் நெஞ்சின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே பள்ளம் விழுந்தால், மூச்சுவிட அவள் போராடுகிறாள் என்று பொருள். வயிறு மட்டும் ஏறி இறங்கினால் கவலையில்லை. பிறகு கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம். இந்த வயதில் 50-ஐத் தொட்டால் அது வேகமான மூச்சு. நெஞ்சு உள்வாங்கினாலோ, எண்ணிக்கை 50-க்குக் குறையாமல் இருந்தாலோ, வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்காமல் மார்பிலிருந்து வாயை எடுத்து எடுத்து மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

இந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் உச்சத்தில் இருக்கும். அதனால் இன்று நன்றாக இருக்கிறாள் என்று விட்டுவிடாமல், அடுத்த இரண்டு நாளும் பாலூட்டும் நேரங்களில் இப்படிப் பாருங்கள்.

பச்சைச் சளி ஒன்றும் செய்யாது. இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும், இழுக்கட்டும். ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இரண்டு வயதுக்குள் ஒருமுறையாவது இந்த வைரஸைச் சந்தித்துவிடுகின்றன. சிலருக்குச் சில ஆண்டுகள் சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வரலாம். ஆயுளுக்கும் நுரையீரல் கெட்டுவிடும் என்று எழுதுகிறவர்கள், முழுமையாகக் குணமாகும் பெரும்பாலான குழந்தைகளைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

மீதியிருக்கும் ஆன்டிபயாடிக்கை இன்றே தூக்கி எறியுங்கள். வைரஸை அது தொடாது. ஒருமுறை தண்ணீர் கலந்த மருந்து நாள்பட வைத்திருந்து கொடுப்பதற்கும் உரியதல்ல. நெபுலைசரும் வேண்டாம். இந்த நோயில் மூச்சுச் சிறுகுழாய்கள் வீங்கிச் சளியால் அடைத்திருக்கின்றன. நெபுலைசரில் வைக்கும், குழாயை விரிக்கும் மருந்தால் பெரும்பாலும் பயனில்லை, குழந்தையின் நெஞ்சு படபடப்பதுதான் மிச்சம். இருமல் மருந்தை நினைத்தும் பார்க்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், நச்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். அதற்குப் பிறகும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை போடுவதையும், கற்பூரம் காய்ச்சிய எண்ணெய் தடவுவதையும் நிறுத்துங்கள். புகை மூச்சுக்குழாயை உறுத்தும். கற்பூரம் உடலில் சேர்ந்தால் வலிப்பே வரலாம்.

பாலூட்டுவதற்குச் சற்று முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து விடுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்கு, உங்கள் மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும்.

மூத்தவனுக்கும் சளி இருந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் தங்கையைத் தொட வேண்டாம், முத்தமும் வேண்டாம். வீட்டில் ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ள தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கவனியுங்கள். இந்த வைரஸ் முதியவர்களையும் படுக்கவைக்கும். அவர்களுக்கு மூச்சு வாங்கினால் வயதின் அசதி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.